கடைசி வாரம் இல்லாத தொடர்கதை

என் வாழ்க்கையில் நான் கட்டிக்காத்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அதில் காதல் கிடையாது, சொத்து கிடையாது. ஒரு பழைய துப்பறியும் தொடர்கதையில் கொலை செய்தது யார் என்பதுதான் அந்த ரகசியம். முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் காப்பாற்றினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டோல்கேட் பக்கத்து டீக்கடையில், டீ ஆறுவதற்குள் உளறிவிட்டேன்.

உளறியது என் சிநேகிதரிடம். ராயபுரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய கயிறு, கொக்கி, பெயின்ட் விற்கிறவர். பேட்டை முழுக்க அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருக்கிறேன். வருகிற பெட்டியின் கதவில் போட்டிருக்கும் சீல் நம்பரைக் காகிதத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். கேட்பதற்குத் துப்பறிகிற வேலை மாதிரி இருக்கும். ஆறை ஒன்பது என்று படித்து, குழாய் கேட்ட குடோனுக்குப் பிளாஸ்டிக் பக்கெட் அனுப்பிவைத்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவர் ஒரு துப்பறிவாளர். கதையில் வருகிறவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்த குடை, வெள்ளிப் பொடி டப்பா. கூவத்துக்குத் தெற்கே ஒரு மாடி வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடப்பார். கொலைகாரனைப் பிடிக்கும்போதுகூட “ஐயா, தாங்கள் சற்று அமரலாமே” என்பார். அவருடைய கதைகளை எல்லாம் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் படித்தோம்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. அதை நான் யார்டிலிருந்து கொண்டுவந்தேன். கன்டெய்னர் சீலை யாரும் தனியாக வெட்டிவிட முடியாது. சரக்குக்காரர் தரப்பில் ஆள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், நம்பரைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் கட்டரைத் தூக்கலாம். புத்தகத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம். முதலில் படிக்கிறவர் கடைசி அத்தியாயத்துப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டை போட்டு, யார்டில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டிக் கொடுத்துவிடுவார். இரண்டாவது ஆள் அதுவரை படித்துவிட்டு, கொலைகாரன் இன்னார் என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்துதான் சீலை அறுக்கலாம். பாய் பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்வார். என் கணக்கை நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தொடர்கதை கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவதி வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள். பங்களாவில் ஒரு பணக்காரக் கிழவர் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறார். வைத்தியம் பார்க்க வருகிற டாக்டர், அண்ணன் மகள், சமையல்காரர், டிரைவர் என்று ஆளாளுக்குச் சந்தேகம். இரண்டு பேரும் இருபத்தேழு வாரத்தையும் படித்து முடித்தோம். இருபத்தெட்டாவது வாரம், கொலைகாரன் யாரென்று சொல்லுகிற கடைசி வாரம், அந்தத் தையலில் இல்லை. புண்ணியவதிக்கு அந்த வாரம் கல்யாணமோ காய்ச்சலோ, தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கிளை நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், பழைய பத்திரிகைக் கட்டில் அந்தக் கடைசி வாரம் என் கையில் சிக்கியது. நின்றபடியே படித்துவிட்டேன். பாயை அழைத்துக்கொண்டு மறுபடி போவதற்குள் பெருமழை வந்து கீழ்த்தட்டுக் காகிதத்தை எல்லாம் இட்லி மாவாக்கிவிட்டது. “போவுது வுடு பாய், நானே சொல்றேன்” என்றேன். பாய் என் வாயைப் பொத்தினார்.

“சொல்லாத மாமு. சீல ஒட்ச்சிடாத. எங்கியாவது இன்னொண்ணு கெடைக்கும். நானே பட்ச்சிக்கிறேன்.”

முப்பது வருஷமாகக் கிடைக்கவில்லை. பாய் பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கியதில் அவருடைய முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை மாதிரி ஒரு ஓட்டைவாய் இதைக் காப்பாற்றியது என் மனைவிக்கே இன்றுவரை நம்ப முடியாத சங்கதி.

சமீபத்தில் அந்தக் கதையையே வெப் சீரிஸாக எடுத்துவிட்டார்கள். ஆறு எபிசோட், வெள்ளிக்கு வெள்ளி ஒன்று.

ட்ரெய்லரைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை இல்லை, குடை இல்லை, பொடி டப்பா இல்லை. தாடி வைத்த ஒரு இளவட்டம் ராயபுரத்து மாடி ஒன்றில் முண்டா பனியனோடு தண்டால் எடுக்கிறான். அவன்தான் துப்பறிவாளனாம். கொலைகாரனைப் பார்த்து “தாங்கள் சற்று அமரலாமே” என்று சொல்ல வேண்டிய வாய், “டேய், குந்துடா” என்றது. நான் பார்க்கவே போவதில்லை என்று வீட்டில் பிரகடனம் செய்தேன்.

“யாரும் உன்ன வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடல” என்றாள் என் மனைவி. மணலி புதுநகரில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறாள். பத்தடி தூரத்திலிருந்தே எந்தச் சட்டையில் எந்தத் தையல் பிரிந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவள். முப்பது வருஷமாக என் புத்தக மூட்டையை எலி வராமல் பார்த்துக்கொண்டாளே தவிர, ஒரு பக்கம் புரட்டியதில்லை. அவள் முதல் வெள்ளியே டிவி முன்னால் வேர்க்கடலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கொள்கைப்படி பார்க்கவில்லை. மறுநாள் மதியம் யார்டில் ஒரு காலிக் கன்டெய்னரின் நிழலில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனில் பார்த்தேன். அது பார்த்த கணக்கில் வராது.

குறைகளை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கையில் இருந்தது. ஒரு காட்சியில் கன்டெய்னர் சீலைச் சுத்தியால் அடித்து உடைக்கிறார்கள். எங்கள் யார்டில் அப்படி உடைத்தால் அடுத்த நிமிஷமே வேலை போய்விடும். எழுதிக்கொண்டேன். ஆனால் இன்னொரு காட்சியில் அந்தத் தாடிப் பையன் அவசரமாகக் கொலை நடந்த இடத்துக்குக் கிளம்புகிறான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, வண்டியை அணைத்துவிட்டு, பக்கத்து லாரி டிரைவரிடம் மாங்காய் பத்தை வாங்கித் தின்கிறான். எங்கள் பழைய ஆள் எங்கே கிளம்பினாலும் அடுத்த பத்தியில் போய்ச் சேர்ந்துவிடுவார். இருபத்தேழு வாரத்தில் ஒரு சிக்னல்கூட அவருக்கு விழுந்ததில்லை. நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ‘மாங்காய் பத்தை, தேவையில்லாத காட்சி’ என்று நோட்டில் எழுதினேன்.

மூன்றாவது எபிசோட் வந்த வாரத்து ஞாயிறு, டீக்கடையில் பாய் உற்சாகத்தில் இருந்தார். “இன்னா ஆளுப்பா அந்தப் பையன்! நம்ம பேட்ட மூஞ்சி!” என்றார்.

“அது துப்பறிவாளரா பாய்? பொறுக்கி மாதிரி கீறான். அவரு மருவாதி இன்னா, பேச்சு இன்னா! கேவலப்படுத்திட்டானுங்க.”

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “மாமு, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கதைல நம்ம ஏரியா ஆளு யாரு?”

“யாரு?”

“டிரைவரு. ராயபுரத்துக்காரன். ‘இன்னா நைனா’ன்னு அவன் ஒருத்தந்தான் பேசுவான். அதுக்கே மூணாவது வாரத்துல இஸ்த்துகினு போயி உள்ள போட்டானுங்க. உன் மருவாதிக்காரரு அவனுக்கு ஒரு தபா ஐயான்னு சொன்னாரா? எல்லாக் கதையும் பாத்துக்கோ. நம்மாளு வந்தான்னா ஒண்ணு அடியாளு, இல்ல திருட்டுப் பய. முப்பது வருசம் அத்தக் குந்திகினு பட்ச்சமே நாம, அப்ப கேவலமா இல்லியா உனக்கு?”

 பதில் இல்லாதவன் என்ன செய்வான்? குரலை உயர்த்துவான். எழுதியவர் எவ்வளவு பெரிய மூளைக்காரர், அந்த முடிச்சை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். வேகம் ஏறியது. “இவனுங்களுக்கு இன்னா தெர்யும் பாய்? இருவத்தேழு வாரம் கூடவே நின்னு நாடி புடிச்சிப் பாத்த டாக்டரே வெஷம் வெச்சான்னு எய்தறதுக்கு எவ்ளோ மண்ட வேணும்?”

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது என்றே எனக்குத் தோன்றியது.  பாய்க்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, “முப்பது வருசம், மாமு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடைக்குப் போனேன். “மொதலாளி ஸ்டாக் எடுக்கறாரு” என்றார் கல்லாவில் இருந்தவர். கயிற்று உருளைகளுக்கு நடுவில் பாயின் வழுக்கைத் தலை எனக்கு நன்றாகவே தெரிந்தது. சரக்குக்காரர் இல்லாமல் சீல் உடைத்தவன் என்று எங்கள் யார்டில் ஒருவனைப் பற்றிச் சொன்னால் மற்றவர்கள் அவனோடு டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்கள். அந்த நியாயத்தைப் பாயின் தலைக்குள் ஏற்றியவன் நான்தானே.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தடவை பட்டது போதும். என் மனைவி வேர்க்கடலைத் தோலை ஊதினாள்.

“அவங்க இதுவரிக்கும் கதைல இன்னா இன்னா மாத்திகிறாங்க?”

நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தொரு குறை இருந்தது.

“அப்ப கொலகாரனையும் மாத்தியிருந்தாங்கன்னா, நீ சொன்னது செல்லாதில்ல?”

அந்த நிமிஷத்திலிருந்து நான் வேறு மனிதன். அதுவரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாபம் விட்டவன், அதன்பின் மாற்றத்துக்காக வேண்டுதல் வைக்க ஆரம்பித்தேன். திருவொற்றியூர் கோயிலில் வடிவுடையம்மன் முன்னால் நின்று, “தாயே, அந்த டைரக்டருக்கு இன்னும் கொஞ்சம் திமிரைக் கொடு” என்று கேட்ட பக்தன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான்காவது எபிசோடில் தாடிப் பையன் ஸ்டேஷனுக்குப் போய் டிரைவரை வெளியே கூட்டிவந்து, “வாண்ணே, மொத நாஸ்தா துன்னலாம்” என்று தோளில் கைபோட்டான். புத்தகத்தில் இல்லவே இல்லாத காட்சி. நான் கைதட்டினேன். ஐந்தாவதில் டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அவர் குற்றவாளியா, அல்லது நாம் ஏமாறுவதற்காகப் பார்க்கிறாரா? இரண்டு இரவு தூக்கம் போனது.

கடைசி எபிசோட் அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்தேன். கொள்கையைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்காமலே பார்த்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, தாடிப் பையன் வரவேற்பறையில் எல்லோரையும் நிற்கவைத்து, டாக்டரை நோக்கி நடந்தான்.  டாக்டரைத் தாண்டிப் போய், அண்ணன் மகள் முன்னால் நின்றான்.

அண்ணன் மகள்! புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்குக் காபி கொண்டுவருவதையும் மயங்கி விழுவதையும் தவிர வேலையே கிடையாது. “நான் ரெண்டாவது வாரமே நெனச்சேன்” என்றாள் என் மனைவி. “சித்தப்பன் செத்த அன்னிக்கு ஜாக்கெட்டுக்கு மேட்ச்சா பொடவ கட்டிகினு வந்தா பாரு.” நான் எழுந்து நின்று ஆண்டவனுக்கும் டைரக்டருக்கும் நன்றி சொன்னேன். அதற்கடுத்த கணமே, எவ்வளவு அருமையான டாக்டரை வீணடித்துவிட்டான் பாவி என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான்.

சாயங்காலம் பாய் போன் செய்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை.

“மாமு! நீ வேணும்னேதான தப்பா சொன்ன? அவ்ளோ கோவத்துலயும் சீல ஒட்க்கல நீ! நாந்தான் புரிஞ்சிக்காம உன்னப் பேஜாரு பண்ணிட்டேன். ஞாயித்துக்கெயம வா.”

நான் “ம்” என்றேன். அது பொய்யா என்று கேட்டால், ‘ம்’ என்பது ஒரு வார்த்தையே இல்லை என்று வாதிடுவேன்.

ஞாயிறு டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை. பாய் டீ மாஸ்டரிடம் சொன்னார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். “கோவத்துல கூட வாக்கு மாறாத ஆளு. தோஸ்துன்னா இவந்தான் தோஸ்து.” எனக்கு ஸ்பெஷல் டீ, சமோசா. அவருக்கு ஒரு நஷ்டமும் இருந்தது. இனிமேல் ரகசியம் எதற்கு என்று கடைக்கு வந்த படகுக்காரர்களிடம் ‘டாக்டர்தான்’ என்று அடித்துச் சொல்லி, நாலு பேருக்குப் பிரியாணிப் பந்தயம் தோற்றிருந்தார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்படியே வாழ்ந்துவிடலாம் என்று நான் சமோசாவைக் கடித்துக்கொண்டே முடிவு செய்தபோது, பாய் கேட்டார்:

“அப்ப புக்குலயும் அந்தப் பொண்ணுதான மாமு? அந்தக் காலத்துலயே இன்னாமா யோசிச்சி எய்திகிறாரு பாரு!”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் புடவை மேட்ச்சை எங்கள் எழுத்தாளர் தலையில் கட்ட எனக்கு நாக்கு எழவில்லை. நாணயம் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் ரசிகத் திமிர்.

“இல்ல பாய். புக்குல டாக்டருதான். நான் அன்னிக்கு உண்மையத்தான் உளறிட்டேன்.”

 பாய் என் தட்டில் மிச்சமிருந்த சமோசாவை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“அடப்பாவி. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குக் கூட பொய்யி சொல்ல வராதா உனக்கு? எவ்ளோ சந்தோசமா இருந்தேன்!”

“தப்புதான் பாய்.”

“தப்புதான். ஒட்ச்சிட்ட. ஒட்ச்சப்புறம் கதவ மூடி வெச்சி இன்னா பிரயோஜனம்? சொல்லு. கடசி வாரம் ஃபுல்லா சொல்லு. ஒண்ணும் வுடாத.”

சொன்னேன். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தது, பொடி டப்பாவைத் திறந்தது, டாக்டரின் பையில் ஒரே மாதிரி இரண்டு குப்பிகள் இருந்தது, “ஐயா, தாங்கள் சற்று அமரலாமே” என்றது, எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்துக் காட்டினேன். பேப்பர்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டரைப் பிடித்ததும் திறந்தார்.

“சூப்பரு மாமு. இவனுங்க எடுத்ததவிட இதான் கரீட்டு.” எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “சரி, டிரைவரு இன்னா ஆனான்?”

“எந்த டிரைவரு?”

“நம்மாளுப்பா. மூணாவது வாரத்துல உள்ள போட்டானுங்களே. வுட்டாங்களா?”

நினைவைக் குடைந்தேன். அந்தக் கடைசி வாரத்தில் டாக்டர் இருந்தார், அண்ணன் மகள் மயங்கி விழுந்தாள், துப்பறிவாளருக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள், அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். டிரைவரைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவருக்கு அவன் ஞாபகமே வரவில்லை. நூலகத்தில் நின்று படித்தபோது எனக்கும் வரவில்லை.

“இன்னா மாமு, முயிக்கிற? இன்னுமா உள்ள கீறான்? முப்பது வருசமாச்சே!”

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் டம்ளரைப் பிடித்த கை கீழே இறங்காமல் நின்றிருந்தது.

“வுட்டுட்டாங்க பாய்” என்றேன். “டாக்டர ஜீப்புல ஏத்துன ஒடனே. துப்பறிவாளரே ஸ்டேசனுக்கு நேர்ல போனாரு. போயி, ‘ஐயா, தங்களைத் தவறாகச் சிறையில் வைத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்’னு சொன்னாரு.”

“டிரைவரப் பாத்து? ஐயான்னா?”

“ஐயான்னுதான்.”

“புக்குல அப்டியே கீதா?”

“அப்டியே கீது.”

பாய் தலையை ஆட்டினார். இன்னொரு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. “டிரைவரு இன்னா சொன்னான் அதுக்கு?” என்று கேட்டார். அதற்கும் ஒன்று சொன்னேன். அது அச்சில் ஏறாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, என் நாற்பத்தொரு குறை நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

“உன் பேரையும் இதுல எய்திக்கோ. அவங்களாவது சம்பளம் வாங்கினு மாத்துனாங்க. நீ ஓசியில மாத்திட்டு வந்துகிற.”